பெருநாளுக்குக் கழுவிய தொட்டிகள்

ஹாங்காங்
ஞாயிறு, 5 ஆகஸ்ட் 2001

மாஸ் சுகெங்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபம் இருந்தாலும் மரியாதைக்கு 'மாஸ்' போட்டே தொடங்குகிறேன். நான் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை. வீட்டு முன்னறையை இடித்துக் கடை போடும் அளவுக்குத் தெம்பு இருப்பதால் நலமாகத்தான் இருப்பீர்கள்.

போன ஞாயிறு தொலைபேசியில், "ஒரு சின்ன விஷயம், முர்" என்றீர்கள். பிறகு அலங்கார மீன் கடை என்றீர்கள். எனக்குப் பின்னால் வரிசையில் எட்டுப் பெண்கள் நின்றார்கள். அதில் ஐந்து பேர் நம் துலுங்காகுங் பக்கத்தவர்கள். அவர்கள் காதுபடக் கத்த முடியாமல் "அப்படியா, சரி" என்று வைத்துவிட்டேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இனிமேல் என் கோபம் தபாலில் வரும். பத்து நாள் ஆனாலும் குறையாமல் வந்து சேரும்.

முதலில் காடை வளர்த்தீர்கள். பிறகு பளிங்குப் பட்டறையில் கூட்டுச் சேர்ந்தீர்கள். இப்போது மீன். நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கமீன் குளம். அங்கே போய்த் தங்கமீன் கடை வைக்க உங்களால்தான் முடியும். பின்சுவரைக் கட்டுங்கள் என்றுதானே அனுப்பினேன்? இந்த மழைக்கும் சமையலறையில் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிப்பீர்களா?

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி என் இரண்டாவது ஒப்பந்தம் முடிகிறது. அன்றைக்குள் வீடு தன் காலில் நிற்க வேண்டும், மூன்றாவது முறை நான் விமானம் ஏறக் கூடாது என்று பேசித்தான் கிளம்பினேன். அதை நினைவில் வைத்துப் பதில் எழுதுங்கள்.

முர்யாத்தி


துலுங்காகுங்
19 ஆகஸ்ட் 2001

அன்பு முர்யாத்திக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் குறையாமல்தான் வந்தது. தபால்காரர் நிற்கும்போதே பிரித்துவிட்டேன், அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கோபப்படு, ஆனால் ஒரு கணக்கைக் கேள். குளம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் லாரி லாரியாகச் சுரபயாவுக்கும் ஜகார்த்தாவுக்கும் அனுப்புகிறார்கள். வரவேற்பறையில் ஒரு தொட்டி வைத்திருக்கும் ஆசிரியருக்கு இரண்டே இரண்டு மீன் விற்க இந்த ஊரில் ஆள் இல்லை. இரையும் பில்டர் பஞ்சும் வாங்க அவர் கெதிரி வரை போகிறார். அந்த இரண்டு மீனைத்தான் நான் விற்கப்போகிறேன்.

பன்னிரண்டு தொட்டிகள். கண்ணாடி வாங்கி நானே ஒட்டினேன். ஒன்றில்தான் ஒழுகல். மேல் வரிசையில் கப்பி, நடுவில் தங்கமீன், கீழே கோய்க் குஞ்சுகள். சண்டை மீன்களுக்கு ஜாம் பாட்டில்கள். ஒன்றையொன்று பார்த்துச் சீறாமல் இருக்க நடுவில் அட்டை. வாசலில் "முர்யாத்தி மீன் கடை" என்று எழுதியிருக்கிறேன். நீ மூன்றாவது முறை போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடையே. வேறு எதற்காக?

அக்கா சுந்தாரி வந்து பார்த்தார். "ஏண்டா சுகெங், பொண்டாட்டி அங்க ஊரான் வீட்டுத் தரையத் தொடைக்கிறா, நீ இங்க மீனுக்குக் காத்தடிச்சிட்டு உக்காந்திருக்கியா?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே சிரிப்பு.

பின்சுவர் அடுத்த மாதம். சத்தியம்.

சுகெங்


ஹாங்காங்
ஞாயிறு, 9 செப்டம்பர் 2001

மாஸ் சுகெங்குக்கு,

உங்கள் அக்கா கேட்டதை எழுதினீர்கள், எல்லாரும் சிரித்ததை எழுதினீர்கள். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதை எழுதவில்லை. எழுத ஒன்றும் இருந்திருக்காது. நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

என்னைக் கேட்காமல் என் பெயரை எழுதியதற்கு இன்னொரு நாள் திட்டுகிறேன். இன்று இடம் இல்லை, கடையைப் பற்றி எழுத வேண்டும். ஆமாம், போய்ப் பார்த்தேன். இங்கே ஒரு தெரு முழுக்க மீன் கடைகள். மீன்களைப் பையில் கட்டி, கம்பி வலையில் துணி காயப்போட்டது போல வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். என் விடுமுறை நாளில் மற்றப் பெண்கள் பூங்காவில் உட்கார்ந்து நம் ஊர்ப் பெச்செல் சாப்பிடும்போது நான் உங்களுக்காக அங்கே நின்றேன்.

ஒரு கடைக்காரர் பில்டர் பஞ்சைத் தொட்டியின் அழுக்குத் தண்ணீரிலேயே வாளியில் கசக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குழாய் இருந்தது. "குழாயில கழுவக் கூடாதா?" என்று எனக்குத் தெரிந்த சீன மொழியில் கேட்டேன். கடித்துக் குதறிவிட்டார். "உங்க வீட்டுச் சட்டியா இது? அந்த அழுக்குலதான் மீனோட உசிரு இருக்கு. குழாயில கழுவு, அஞ்சு நாள்ல எல்லாம் மல்லாக்க மிதக்கும்!" கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் அந்தப் பஞ்சில் குடியிருந்து மீனின் கழிவைத் தின்கின்றனவாம். குழாய்த் தண்ணீரில் அவை செத்துவிடுமாம். எனவே பஞ்சை எப்போதும் பழைய தண்ணீரிலேயே கசக்குங்கள். எல்லாத் தொட்டியையும் ஒரே நாளில் கழுவாதீர்கள். இந்த இடத்தின் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

முர்யாத்தி


துலுங்காகுங்
14 அக்டோபர் 2001

அன்பு முர்யாத்திக்கு,

கோடு போட்ட இடத்தை மூன்று முறை படித்தேன். பஞ்சு இப்போது கறுப்பாக, கொழகொழவென்று இருக்கிறது. மீன்கள் ஜோராக இருக்கின்றன. உன் சீனரிடம் என் ஸலாமைச் சொல்.

கடை நடக்கிறது. பையில் கட்டுவதற்கு முன் இரண்டு நாள் இரை போடக் கூடாது என்று குளத்துக்காரர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் தண்ணீர் கெடாதாம். ரமதானுக்கு முன்னாலேயே நம் வீட்டில் நோன்பு தொடங்கிவிட்டது, மீன்களுக்கு.

ஒரு நல்ல செய்தி. பெருநாளுக்கு எல்லாரும் சொந்த ஊருக்குப் போவார்களே, அந்தப் பத்து நாள் அவர்கள் வீட்டு மீன்களை யார் பார்ப்பார்கள்? நம் கடையில் விட்டுப் போகட்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அக்காவின் மாதச் சீட்டுக் கூட்டத்தில் எல்லாரும் அதிகாரிகள் வீட்டு அம்மாக்கள். பத்துப் பதினோரு பேர் சம்மதித்துவிட்டார்கள். மருத்துவச்சி லெஸ்தாரி அம்மாவும் தன் வெள்ளைத் தங்கமீனை விடுகிறாராம். பெருநாள் முடிந்து இவர்கள் எல்லாரும் நம் வாடிக்கையாளர்கள் ஆகிவிட்டால் பிப்ரவரிக்குள் கடை நின்றுவிடும், முர். நீ வந்து கல்லாவில் உட்காரலாம்.

பின்சுவருக்குச் செங்கல் வந்து இறங்கிவிட்டது.

சுகெங்


ஹாங்காங்
ஞாயிறு, 11 நவம்பர் 2001

மாஸ் சுகெங்குக்கு,

அடுத்தவர் மீன் வேண்டாம். நம் மீன் செத்தால் போனது மீன். அவர்கள் மீன் செத்தால் போவது பெயர், அதுவும் என் பெயர். ஒரு தொட்டியில் இரண்டு தொட்டி மீன்களைப் போட்டு அடைக்கப்போகிறீர்கள். அக்காவிடம் முடியாது என்று சொல்லுங்கள். அந்த வார்த்தை நம் மொழியிலும் இருக்கிறது.

இங்கே நோன்பு வைக்க வீட்டுக்காரம்மா லாவ் அனுமதித்துவிட்டார். பெருநாளன்று வேலை. ஊரில் உங்கள் அக்கா வீட்டு வரவேற்பறையில் உட்காருவதைவிட இங்கே ஜன்னல் துடைப்பது எனக்கு மேல்.

முர்யாத்தி


துலுங்காகுங்
28 டிசம்பர் 2001

அன்பு முர்யாத்திக்கு,

பெருநாள் வாழ்த்துகள். உடலாலும் உள்ளத்தாலும் நான் செய்த எல்லாப் பிழைகளையும் மன்னிக்கவும்.

பெருநாள் சிறப்பாக நடந்தது. கடை பளபளவென்று இருந்தது, வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். விட்டுப்போன மீன்களை அவரவர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எல்லாருக்கும் திருப்தி. மழை பலமாக இருக்கிறது. பின்சுவர் இடுப்பளவு எழுந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். பிப்ரவரிக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சுகெங்


ஹாங்காங்
ஞாயிறு, 13 ஜனவரி 2002

சுகெங்குக்கு,

ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று உங்களுடையது, எல்லாருக்கும் திருப்தி என்று. இன்னொன்று லெஸ்தாரி அம்மாவுடையது. அவர் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

"முர், உன் புருஷனைக் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. என் மீன் ஆறு வருடமாக நான் கரண்டியால் கண்ணாடியைத் தட்டினால் மூலைக்கு வந்து வாயைத் திறக்கும். கடையிலிருந்து வந்தது தட்டினால் ஓடி ஒளிகிறது. நிறம் அதேதான், அளவும் அதேதான். ஆனால் அது என் மீன் அல்ல. உன் புருஷனிடம் கேட்டேன். 'இடம் மாறினதுல பயந்திருக்கும்மா, சரியாயிடும்' என்று சிரித்தான்."

சிரித்தீர்களாம். என் பெயர் எழுதிய கடையிலிருந்து வேறு மீனைக் கொடுத்தனுப்பிவிட்டு, பிரசவம் பார்த்துப் பிழைக்கும் ஒரு மனுஷியிடம் நின்று சிரித்திருக்கிறீர்கள்.

எத்தனை செத்தன? எத்தனை வீட்டில் வேறு மீன் நீந்துகிறது? அதோடு எனக்கு எழுதுகிறீர்கள், "எல்லாப் பிழைகளையும் மன்னிக்கவும்" என்று. எந்தப் பிழை? பெருநாளுக்குப் பெருநாள் ஊரே அதைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்கிறது. யாரும் எதற்கென்று கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. என்ன செய்தீர்கள் என்று சொல்லாமல் கேட்கும் மன்னிப்பு எனக்கு வேண்டாம். திருப்பி அனுப்புகிறேன்.

ஒவ்வொரு வீடாகப் போங்கள். உங்கள் மீன் செத்துவிட்டது, இது வேறு என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை தொலைபேசிக்கு வரமாட்டேன்.

முர்யாத்தி


துலுங்காகுங்
3 பிப்ரவரி 2002

முர்யாத்திக்கு,

போய்விட்டு வந்தேன். பதினோரு வீடுகள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா எல்லார் மீன்களையும் வாளிகளில் கொண்டுவந்து இறக்கினார். மொத்தம் இருபத்து மூன்று. கண்ணாடிக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னடா இது, பஞ்சு அடுப்படிக் கரித்துணி மாதிரி இருக்கு? பெருநாளும் அதுவுமா, பெரிய வீட்டு மீனெல்லாம் இந்தச் சாக்கடையிலயா கெடக்கணும்?" என்றார். நீ கோடு போட்டு எழுதியது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அக்கா இடுப்பில் கை வைத்து நிற்கும்போது, அழுக்குத் தண்ணீரில் அழுக்குப் பஞ்சைக் கசக்க எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாத் தொட்டியையும் இறைத்தேன். கூழாங்கற்களை அரிசி களைவது போலக் களைந்தேன். பஞ்சு முழுவதையும் குழாயடியில் வெள்ளை வெளேரென்று கழுவினேன். எல்லாத் தொட்டியிலும் புதுத் தண்ணீர்.

பெருநாளன்று தொட்டிகள் நகைக்கடை மாதிரி இருந்தன. அது பொய் இல்லை, எல்லாரும் மெச்சினார்கள். கழுவியதிலிருந்து மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. காற்றுப் போதவில்லை என்று இன்னொரு மோட்டார் போட்டேன். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது, அதனால் தண்ணீரைச் சந்தேகப்படவில்லை. ஐந்தாம் நாள் அவர்களுடையதில் பத்தொன்பது போய்விட்டது. நம்முடையதில் சண்டை மீன்களும் கொஞ்சம் கப்பியும்தான் மிச்சம். உன் சீனர் நாள் கூடத் தப்பாமல் சொல்லியிருக்கிறார்.

செத்தவற்றைப் பனிக்கட்டியில் வைத்துக் குளம் குளமாகப் போனேன், துண்டுத் துணியைக் காட்டி அதே நிறத்தில் துணி தேடுகிறவன் போல. வால், முதுகு, புள்ளி எல்லாம் ஒத்துப்பார்த்து வாங்கினேன். மூன்று நாள் ஆயிற்று. அவ்வளவு கவனமாக வேறெந்த வேலையும் நான் செய்ததில்லை.

இப்போது வீடுகள். ஓய்வுபெற்ற எழுத்தர் தார்மினிடம் முதலில் போனேன். "மன்னிச்சிடுங்க ஐயா" என்றதும், "பெருநாளன்னிக்குத்தான் மன்னிச்சாச்சேப்பா. வருஷத்துக்கு ஒரு தடவை போதாதா?" என்றார்.

"அன்னிக்கு எதுக்குன்னு சொல்லலீங்க."

சொன்னேன். தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லாமலே இருந்திருக்கலாம்ல. நல்ல மீனு" என்றார்.

கல்வி அதிகாரி வீட்டம்மா, "செத்துடுச்சா? அப்ப இது யாரு?" என்று கத்தினார். "ஒரு மாசமா இதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருக்கோம்யா!" அவருடைய மகள் உள்ளே ஓடிப்போய் அழுதாள். ஒரு வீட்டில் மீனைப் பையோடு என் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு வீட்டில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. லெஸ்தாரி அம்மா தேநீர் கொடுத்தார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைச் சாத்தியது இதைவிட மேல்.

அக்கா கடைக்கே வந்து, "ஊரெல்லாம் போய் ஒப்பாரி வெச்சியாமே! அவங்களுக்குத் தெரியவே தெரியாதுடா, மடையா. என் மூஞ்சியில கரியப் பூசிட்டியே!" என்றார். சீட்டுக் கூட்டத்திலிருந்து இனி யாரும் வரமாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் கப்பி வாங்க வருகிறார்கள். அவ்வளவுதான் கடை.

நீ சொன்னதைச் செய்துவிட்டேன். வருவாயா?

சுகெங்


ஹாங்காங்
ஞாயிறு, 17 பிப்ரவரி 2002

சுகெங்குக்கு,

வீடு வீடாகப் போனது சரி. அது செய்ய வேண்டியது, அதற்கு நன்றி சொல்லமாட்டேன்.

கப்பி வாங்கும் பள்ளிப் பிள்ளைகளை நம்பி வேலையை விட முடியுமா? இப்படி ஒரு கடையை வைத்துக்கொண்டு என்னை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காரணம் உங்களுக்கே தெரியும், பத்தொன்பது மீன்கள்.

முர்யாத்தி


துலுங்காகுங்
3 மார்ச் 2002

முர்யாத்திக்கு,

நேற்று உன்னோடு வேலைக்குப் போன கத்மி விடுமுறையில் வந்திருந்தாள், உன் வீட்டுக்காரம்மா கொடுத்த கம்பளியைக் கொடுக்க. உன்னைப் பற்றி விசாரித்தேன். என் மீன்களால் உன் வேலை நீண்டுவிட்டதென்று வருத்தப்பட்டுச் சொன்னேன்.

"என்ன மீனு? நாங்க ரெண்டு பேரும் டிசம்பர் முப்பதாம் தேதியே ஏஜென்சிக்குப் போயிட்டோமே மாஸ். எனக்கு முன்னாடி முர் அக்காதான் கையெழுத்துப் போட்டா. நல்லா ஞாபகம் இருக்கு, அன்னிக்கு மத்தியானம் ரெண்டு பேரும் படம் பார்த்தோம்."

டிசம்பர் முப்பது. என் பெருநாள் கடிதம் அன்று உன் கையில் இல்லை. லெஸ்தாரி அம்மா இன்னும் எழுதவே இல்லை. அன்று உனக்குத் தெரிந்த அளவில் கடை நன்றாக நடந்துகொண்டிருந்தது, மீன்கள் உயிரோடு இருந்தன. நீ போட்ட கையெழுத்துக்கும் என் மீன்களுக்கும் சம்பந்தமே இல்லை.

நான் நிறம் பார்த்து மீன் மாற்றினேன். நீ காரணத்தை மாற்றியிருக்கிறாய். எனக்குத் தெரிந்தவரை ஒரே தொழில்.

பிப்ரவரி இருபத்தெட்டு என்று சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருந்தேன். அந்த நாளும் போனது. வாசலில் நின்று கதவு சாத்தப்படுவதை நான் பார்த்தேன், நீ சொன்னதால் பார்த்தேன். நான் பதினோரு வீட்டுப் படி ஏறினேன். நீ ஏற வேண்டியது ஒரே வீடு. ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

சுகெங்


ஹாங்காங்
ஞாயிறு, 17 மார்ச் 2002

மாஸ் சுகெங்குக்கு,

பொய்தான் சொன்னேன். டிசம்பர் முப்பது, காலை பதினொன்றரை மணி. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மீன்கள் செத்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அதற்காக வெட்கப்படுகிறேன். இப்போது ஏன் என்று கேளுங்கள்.

நமக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடங்கள். ஊரில் நான் கடைசியாக இருந்த பெருநாள் நினைவிருக்கிறதா? உங்கள் அக்கா வீட்டில் முப்பது பேர். உங்கள் அக்கா எல்லார் முன்னாலும் என் வயிற்றில் கையை வைத்து, "இன்னும் காலி வீடுதானா? வாடகைக்காவது விடலாம்ல!" என்றார். முப்பது பேரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே அன்னாசிப் பலகாரத் தட்டை அவரிடம் நீட்டினீர்கள். அந்தத் தட்டில் நீலப் பூப் போட்டிருந்தது. அது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் மாலாங்கில் மருத்துவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்தக் காகிதம் யார் பெயரில் இருந்தது என்பதும் தெரியும். என் பெயரில் இல்லை. பேருந்தில் திரும்பும்போது நீங்கள் அழுதீர்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வீர்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு பெருநாளும் அந்த வரவேற்பறையில் உட்கார்ந்து, இந்த முறை வாயைத் திறப்பார், இந்த முறை திறப்பார் என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பலகாரம் பரிமாறினீர்கள். ஊரில் நான் மலடி. உங்களுக்கு மலடியைத் தள்ளிவைக்காத நல்ல மனுஷன் என்று பெயர்.

பின்சுவருக்காக நான் விமானம் ஏறினேன் என்று நீங்கள் நம்பினீர்கள். நானும் நம்பவிட்டேன். இங்கே நான்கு வருடத்தில் வீட்டுக்காரம்மா என்னிடம் கேட்டவை: துணி காய்ந்ததா, கஞ்சி ஆயிற்றா, சாவி எங்கே. என் வயிற்றைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. டிசம்பரில் பேனாவை எடுத்தபோது எனக்கு உங்கள் கடை தெரியவில்லை. உங்கள் அக்காவின் கை தெரிந்தது.

பதினோரு வீட்டில் போய்ச் செத்த மீனைப் பற்றிச் சொன்னீர்கள். பன்னிரண்டாவது வீடு ஒன்று இருக்கிறது. அங்கே சொல்ல வேண்டியது மீனைப் பற்றி அல்ல. போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லிப் போவதில் என்ன இருக்கிறது?

முர்யாத்தி


துலுங்காகுங்
31 மார்ச் 2002

முர்,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மீன்களுக்கு மட்டும் இரை போட்டேன்.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. போகத் துணிவு வரவில்லை, அதை மறைக்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமை அக்காவே வந்தார். கல்வி அதிகாரி வீட்டம்மாவைச் சமாதானம் செய்து கூட்டிவந்திருந்தார், மகளுக்குச் சண்டை மீன் வேண்டுமென்று. கூடவே எழுத்தர் தார்மின் இரை வாங்க நின்றார். மூன்று பேர் இருந்தார்கள் என்று எழுதிக்கொள்.

அக்கா அந்த அம்மாவிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "இவன் பொண்டாட்டி இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயேதானாம். வந்து மட்டும் என்ன பண்ணப்போறா? தூக்கிக் கொஞ்ச ஒண்ணு இருக்கா? நான் அப்பவே சொன்னேன், வேற ஒருத்தியப் பாருடான்னு."

"குறை அவகிட்ட இல்ல, அக்கா" என்றேன். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்னடா முனகுறே?" என்றார்.

மோட்டாரை நிறுத்தினேன். எல்லா மோட்டாரும் நின்றால் கடை எவ்வளவு அமைதி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"குறை எனக்கு. மாலாங்ல டாக்டர் சொன்னாரு. ஆறு வருஷமாச்சு. காகிதம் உள்ள பெட்டியில இருக்கு, பாக்கறீங்களா?"

"வாயை மூடுடா. வெளி ஆள் நிக்கிறாங்க."

"அவ வயித்துல நீங்க கை வெச்சப்ப முப்பது பேர் நின்னாங்க. அப்ப ஏன் வாயை மூடலே? நானும் சிரிச்சேன். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன். இனிமே அவளப் பத்தி ஒரு வார்த்தை பேசினா இந்தக் கடை வாசல் உங்களுக்குக் கிடையாது."

"யார்கிட்டப் பேசுறேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது. வெளிய போங்க அக்கா."

போய்விட்டார். கல்வி அதிகாரி வீட்டம்மாவும் பின்னாலேயே போனார், சண்டை மீன் வாங்காமல். தார்மின் நின்றார். இரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "மோட்டாரைப் போடுப்பா, மீனுக்கு மூச்சு முட்டும்" என்றார். அவரே போட்டார்.

இதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். தபால்காரர் நேற்று என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதைச் சொன்னேன் என்பதற்காக நீ வர வேண்டாம். பேரம் பேச எழுதவில்லை. ஆறு வருடம் பிந்திச் சொன்ன ஒன்றுக்கு என்ன விலை கேட்க முடியும்? என் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் அடங்கவில்லை. உனக்கும் அடங்க வேண்டாம்.

சுகெங்


ஹாங்காங்
ஞாயிறு, 14 ஏப்ரல் 2002

மாஸ் சுகெங்குக்கு,

கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். வீட்டுக்காரம்மாவிடம் திட்டு வாங்கினேன். அதுவும் உங்கள் கணக்கில்.

என் கோபம் போகவில்லை. ஆறு வருடக் கோபம் ஒரு வெள்ளிக்கிழமையில் போகாது. நீங்கள் அவர் வீட்டுக்குப் போகாமல், அவர் வரும்வரை காத்திருந்ததையும் கவனித்தேன். முதல் முறை முனகியதையும் கவனித்தேன்.

ஒரு மாதம் முன்னால் எழுதிக்கொடுத்தால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. ஏஜென்சியில் படிவம் வாங்கிவந்து என் பெயர், கடவுச்சீட்டு எண், வீட்டுக்காரம்மாவின் பெயர் எல்லாம் நிரப்பி வைத்திருக்கிறேன். தேதி மட்டும் எழுதவில்லை. எழுதுவேன் என்று இப்போது சொல்லமாட்டேன்.

இந்த முறையும் நடந்ததை நடந்தபடி எழுதியதாக நினைக்கிறீர்கள். எழுதவில்லை. மோட்டார் சத்தத்தை எழுதினீர்கள், தார்மின் சொன்னதை எழுதினீர்கள், தபால்காரர் முகத்தைக்கூட எழுதினீர்கள். "வெளிய போங்க" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் அக்காவின் முகம் எப்படி இருந்தது? கை எங்கே இருந்தது? வாசல்படியில் திரும்பிப் பார்த்தாரா, பார்க்காமல் போனாரா?

முதலில் அதை எழுதுங்கள். ஒன்று விடாமல் எழுதுங்கள்.

முர்யாத்தி